மார்பளவும் ஏழரைச் சுற்றும்

என் அண்ணன் நூறு மீட்டர் ஓடுவதைப் பார்த்த எவரிடமும், அவனுக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட வராது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நானும் நெடுநாள் நம்பவில்லை. நின்ற இடத்திலிருந்து அவன் புறப்படும்போது மண் பின்னால் தெறிக்கும். கூட ஓடுபவர்கள் தலை நிமிர்வதற்குள் அவன் முதுகுதான் தெரியும். அப்பா ஓட்டும் சிறிய சுமை வண்டி ஒருமுறை சவுக்குத் தோப்பு மணலில் புதைந்துவிட்டது. கயிறு கொண்டுவரப் போனவர்கள் திரும்புவதற்குள் அதைத் தோள்கொடுத்துத் தார்ச்சாலையில் ஏற்றிவிட்டவன் அவன். அதே உடம்பு, எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தின் நான்காவது சுற்றிலேயே வாயைத் திறந்துகொண்டு, உதடு வெளுத்து, கைகள் ஒருபக்கமும் கால்கள் ஒருபக்கமுமாகத் தள்ளாடியது. வலிமை என்ற ஒரே சொல்லை இந்த இரண்டு காட்சிகளுக்கும் எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்கு விளங்கவில்லை. செங்கல்பட்டில் தமிழ் முதுகலை படிக்கிறேன். சொல் பொருந்தாத இடத்தில் எனக்கு உறக்கம் வராது.

அண்ணன் ஓட வேண்டியிருந்தது காவலர் வேலைக்காக. எழுத்துத் தேர்வில் அவனுக்கு ஒருபோதும் தொல்லை இருந்ததில்லை. அதன்பின் உடற்தகுதிக்கு அழைப்பார்கள். முதலில் உயரம், மார்பளவு. மார்பு எண்பத்தொரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; மூச்சை உள்ளிழுத்தால் அது இன்னும் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். அதைக் கடந்தவர்கள் அன்றே ஆயிரத்தைந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதையும் கடந்தவர்களுக்குத்தான் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல், நூறு மீட்டர் ஆகியவை இன்னொரு நாளில். கயிறும் நூறு மீட்டரும் அண்ணனுக்கு விளையாட்டு. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் இரண்டு வாசல்கள் இருந்தன. அவன் இரண்டிலும் ஒவ்வொரு முறை இடித்துக்கொண்டான்.

முதல்முறை போனபோது அவன் ஒல்லி. பள்ளியில் ஓடிய உடம்பு. அம்மா வீட்டிலேயே தையல் தைப்பவள். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் கையில்தான் உருவாகிறது. புறப்படும் முன் தன் அளவு நாடாவால் அவன் மார்பை அளந்து பார்த்தாள். போதுமான அளவு இருந்தது, விரிவும் இருந்தது. தேர்வு மைதானத்தில் அளந்தபோது மார்பளவே போதவில்லை. மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். "டேப்ப இறுக்கிட்டானுங்க மா. வோணும்னே இறுக்கறானுங்க" என்றான். அம்மா அதை முழுமையாக நம்பினாள். அவளுடைய நாடா பொய் சொல்லாது என்பது அந்தத் தெருவே அறிந்த உண்மை.

எவ்வளவு இறுக்கினாலும் குறையாத மார்பு வேண்டும் என்று அவன் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். காலையில் முட்டை, இரவில் கோழி. அம்மா ஞாயிறுதோறும் அளந்தாள். ஒவ்வொரு முறை நாடா நீளும்போதும் அவள் முகம் மலர்ந்தது. சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தாள். கபடிக் குழுவில் அவனைக் கடைசி மூலையில் நிறுத்தினார்கள். பாடிவருபவனின் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். இரண்டாம் முறை போனபோது மார்பளவில் அவனைப் பார்த்துச் சிரித்து, தேர்ச்சி என்று ஓட்டத்துக்கு அனுப்பினார்களாம். ஓட்டத்தில் ஏழு நிமிடம் முடிந்து விசில் ஊதியபோது அவன் இன்னும் வளைவில் இருந்தான்.

இனி ஒரே ஒரு முறை. அதற்கடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு கடந்துவிடும்.

இந்தக் கதைக்குள் நான் வந்தது ஒரு கைப்பேசியால். பள்ளி மைதானத்தின் ஓடுபாதை இருநூறு மீட்டர். ஆயிரத்தைந்நூறுக்கு ஏழரைச் சுற்று. அண்ணனுடைய நண்பன் ஒருவன் மாமல்லபுரம் கடற்கரையில் வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சறுக்கு கற்றுத் தருகிறான், மீனவக் குடும்பம். அவன்தான் அதுவரை நேரம் பார்த்து வந்தான். "உனுக்கு ஏழரை நாட்டு சனி இல்ல மச்சான், ஏழரை சுத்து சனி" என்று தினமும் ஒருமுறை சொல்லாமல் அவன் கைப்பேசியை எடுத்ததில்லை. அவன் கணக்கில் அண்ணன் எப்போதும் ஏழு நிமிடத்துக்குள் வந்துவிடுவான். அதனால்தான் தேர்வில் தோற்றதை வெயில் என்றும் தலையெழுத்து என்றும் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். அலைச்சறுக்குப் பருவம் தொடங்கி அவனுக்குக் காலை வகுப்புகள் வந்ததும், நண்பன் வர முடியாத நாட்களில் நான் நேரம் பார்க்க வேண்டியதாயிற்று.

என் கணக்கில் அவன் ஒருநாளும் ஏழு நிமிடத்துக்குள் வரவில்லை.

முதல் வாரம் அண்ணன் சிரித்தான். இரண்டாம் வாரம், "உன் கைராசி சரியில்ல பாப்பா" என்றான். அம்மாவும் அதை ஒப்புக்கொண்டாள். நான் தொட்ட செடி பட்டுப்போனதையும், நான் வாங்கிவந்த பால் திரிந்ததையும் அப்போதுதான் நினைவுகூர்ந்தாள். நான் உள்ளுக்குள் குழம்பிப்போனேன். ஒரு மனிதனின் ஓட்டம் அதைப் பார்ப்பவரைப் பொறுத்து மாறுமா? என்னைக் கண்டால் அவனுக்கு இளைப்பு வருகிறதா? பொத்தானை அமுக்கும் என் விரல் தாமதமாகிறதா? வீட்டில் தனியாக அமர்ந்து பொத்தானை அமுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்தான். நானும் அவனும் முடிவுக் கோட்டில் நின்று, ஆளுக்கொரு கைப்பேசியில் நேரம் பார்த்தோம். அண்ணன் கடைசி வளைவில் திரும்பினான். இரும்புக் கோல்கம்பத்தை நெருங்கினான். அங்கிருந்து கோட்டுக்கு இன்னும் நல்ல தூரம் இருந்தது. என் பக்கத்திலிருந்து 'டிங்' என்றொரு ஒலி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நண்பன் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் கோட்டைத் தாண்டி விழுந்து, மூச்சு திரும்பி, இரண்டு திரைகளையும் பார்த்தான்.

"இன்னாடா இது?"

"இன்னா?"

"எங்கடா அமுக்குன?"

நண்பன் தலையைச் சொறிந்தான். "கோல்போஸ்ட் கிட்ட வரும்போதே உன் மூஞ்சிய பாத்தா செத்து கித்து பூடுவியோன்னு கீது மச்சான். கை தானா அமுக்கிடுது. நான் இன்னா பண்றது?"

"எவ்ளோ நாளா?"

"நீ குண்டான நாள்லருந்து."

அண்ணன் அவனை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்தான். "நீ இங்க அமுக்கிட்ட. அங்க செலக்சன்ல நின்னுகினு இருந்தவன் அமுக்கலியே" என்றான். அதன்பின் என்னைப் பார்த்து, "நீயே புடி பாப்பா. உனுக்குதான் இரக்கமில்ல" என்றான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

கைராசி தீர்ந்தது, ஆனால் முதல் கேள்வி அப்படியே நின்றது. இவ்வளவு தசை இருந்தும் ஏன் ஓட முடியவில்லை? நான் பார்க்கும் உடம்புகளையெல்லாம் அந்தக் கேள்வியோடு பார்க்கத் தொடங்கினேன். நண்பனின் உடம்பை எடுத்துக்கொள்வோம். தோள்பட்டை தவிர வேறெங்கும் சதை கிடையாது. பஞ்சா மோதினால் அண்ணன் அவன் கையை ஒரே மூச்சில் சாய்த்துவிடுவான். நூறு மீட்டரில் அவன் அண்ணனின் நிழலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் பலகையில் குப்புறப் படுத்து, கைகளால் நீரைத் தள்ளித் தள்ளி, காலையிலிருந்து வெயில் ஏறும் வரை அலைகளுக்கு வெளியே போய்வந்துகொண்டிருப்பான். அண்ணனை ஒருமுறை அந்தப் பலகையில் படுக்கவைத்தபோது பத்து வீச்சில் தோள் கல்லாகிவிட்டது என்று திரும்பிவந்தான். அதே நண்பனுக்கு, அலை எழும் நொடியில் மட்டும் ஒரு வெறிகொண்ட வேகம் தேவைப்படுகிறது. அதுவும் அவனிடம் இருக்கிறது. அப்படியானால் அவன் எந்த வகை?

ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து சைக்கிள்காரர்கள் வரிசையாக வருவார்கள். மேலே பார்த்தால் கைகள் ஊதுவத்தி. கீழே பார்த்தால் தொடைகள் தூண். தசை இருந்தால் தூரம் வராது என்று ஒரு சனிக்கிழமைதான் முடிவுக்கு வந்திருந்தேன். மறுநாளே அவர்கள் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கபடியிலோ ஒருவன் அரை நிமிடம் பாடிவிட்டு வந்து நிற்கலாம். அங்கே அண்ணனின் கனம் சொத்து. ஒரே கனம் ஒரு கோட்டுக்குள் சொத்தாகவும் இன்னொரு கோட்டுக்குள் சுமையாகவும் இருந்தது.

செங்கல்பட்டுப் பேருந்தில் என்னோடு வரும் ஒருத்தி இயன்முறை மருத்துவம் படிக்கிறாள். வழக்கமாக நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அன்று கேட்டேன்.

"கோழிக் கடைல நின்னுகீறியா நீ?" என்றாள்.

"நின்றிருக்கிறேன்."

"பிராய்லர் நெஞ்சு வெள்ளையா கீதா, காலு செவப்பா கீதா? நெஞ்சு சதை பறக்கறதுக்கு. படபடன்னு நாலு அடி அடிக்கும், ஓஞ்சி பூடும். காலு நாள் பூரா நிக்கணும், நடக்கணும். அதுக்கு ரத்தம் ஜாஸ்தி, ஓயாது. நம்ம உடம்புல ரெண்டும் கலந்து கீது. உங்க அண்ணனுக்கு மொத வகை ஜாஸ்தியா இருக்கும். போதாததுக்கு வெயிட்டு தூக்கி அதையே பெருக்கி வச்சிகினு கீறாரு."

"பெருக்கினால் வலிமைதானே?"

"நூறு மீட்டருக்கு வலிமை. ஏழு நிமிசம் ஓடறதுக்கு அது மூட்டை. தூக்கிகினு ஓடணும்ல?"

"சைக்கிள்காரர்களுக்கு?"

"அவங்க மூட்டைய சைக்கிள் தூக்கிக்கும். உக்காந்துகினு போறாங்க." அவள் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது. படியில் நின்றபடி, "கொஞ்சம் எறக்க சொல்லு. மொத்தமா எறக்கிடப் போறாரு, கயிறு ஏற முடியாது" என்று கத்திவிட்டு இறங்கினாள்.

பேருந்திலிருந்த அனைவரும் என் அண்ணன் எங்கிருந்து இறக்கப்பட வேண்டும் என்று யோசித்தபடி என்னைப் பார்த்தார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னேன். கோழி உவமையை மட்டும் விட்டுவிட்டேன். அவன் கேட்டுக்கொண்டான், மறுக்கவில்லை, ஆனால் அசையவுமில்லை. "எறக்கலாம் பாப்பா. எவ்ளோ எறக்கறது? நெஞ்சும் சேந்து எறங்கிச்சுன்னா? அவனுங்க எவ்ளோ இறுக்குவானுங்கன்னு உனுக்கு தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. எத்தனை விரற்கடை இழக்கலாம் என்று தெரியாதவன் ஒரு விரற்கடையையும் இழக்கத் துணியவில்லை. ஒரே நாளில், ஒரே மைதானத்தில், நாடா ஓர் உடம்பைக் கேட்டது; ஓடுபாதை வேறோர் உடம்பைக் கேட்டது. அழைப்பு வருவதற்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அவன் முட்டையையும் நிறுத்தவில்லை, ஓட்டத்தையும் நிறுத்தவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

கல்லூரி விழாவுக்காக அம்மா எனக்கொரு ரவிக்கை தைத்தாள். அளவெடுப்பதற்காக என்னை நிற்கவைத்தாள். எத்தனையோ முறை அப்படி நின்றிருக்கிறேன். அன்று ஏனோ கீழே பார்த்தேன். நாடா என் மார்பைச் சுற்றி வந்து சேரும் இடத்தில், நாடாவுக்கும் எனக்கும் நடுவே அம்மாவின் இரண்டு விரல்கள் இருந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அவை அங்கே இருப்பது அவளுக்கே தெரியாது. மூச்சுவிட இடம் வேண்டும், கை தூக்க இடம் வேண்டும் என்பதற்காகத் தையற்காரர்கள் விடும் இடைவெளி அது. அந்த இரண்டு விரல்களால்தான் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் ரவிக்கையும் பிடிப்பதில்லை.

"இன்னா அப்பிடி பாக்கற?" என்றாள்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

அன்று முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. தேர்வு மைதானத்தில் யாரும் நாடாவை இறுக்கவில்லை. அவர்கள் தோலோடு வைத்து அளந்தார்கள், அவ்வளவுதான். இறுக்கம் என்று அண்ணன் இத்தனை காலம் அஞ்சியது அம்மாவின் இரண்டு விரல்களின் பருமனைத்தான். அதைச் சொல்லிவிட்டால் அவனுக்கு எவ்வளவு இறக்கலாம் என்று தெரிந்துவிடும். அதைச் சொல்லிவிட்டால் அம்மாவுக்கும் ஒன்று தெரிந்துவிடும். முதல்முறை அவன் ஒல்லியாக, ஓடக்கூடியவனாக இருந்த நாளில், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று வீட்டிலேயே தெரிந்திருந்தால், சில வாரங்கள் தண்டால் எடுத்துவிட்டுப் போயிருப்பான். எதைச் சொல்வது, யாருக்குச் சொல்வது என்று புரியாமல் நான் நாட்களைக் கடத்தினேன். பிறகு, ஒரு மாலை, சொல்வதற்குப் பதிலாக நாடாவை எடுத்தேன்.

அண்ணன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான். "நில், அளக்கிறேன்" என்றேன். அம்மா தையல் இயந்திரத்தில் இருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் ஏன் அளக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெளிவில்லை. நாடாவின் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, தோலோடு ஒட்டி, நடுவே எதுவும் இல்லாமல் வைத்தேன்.

அம்மா தலை திருப்பிப் பார்த்தாள். "இன்னாமா இது, தோலு மேல வச்சி அளக்கற? ரெண்டு வெரலு வுடணும். இல்லன்னா சட்ட எப்பிடி போடுவான்?"

"சட்டைக்கு இல்லம்மா."

இயந்திரத்தின் சக்கரம் இன்னும் சிறிது சுற்றிவிட்டு நின்றது. அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை மடியிலிருந்த துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் கூரையைப் பார்த்தபடி நின்றான். "அப்போ அவனுங்க இறுக்கல" என்றான், யாரிடமும் அல்லாமல்.

"எனுக்கு தெரிஞ்ச அளவு அதான் நைனா" என்றாள் அம்மா.

"சும்மா இரு மா. இன்னா கொறஞ்சிப்போச்சி? ஏய், எவ்ளோ கீது சொல்லு."

நான் சொன்னேன். தோலோடு அளந்தும், வேண்டியதைவிட மிக அதிகமாகவே இருந்தது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அம்மா இரவு உணவுக்கு அரிசி களைந்தாள், வெகுநேரம் களைந்தாள். அன்றிலிருந்து ஞாயிறு அளவை என் பொறுப்பாயிற்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நாடா என் புத்தக அலமாரிக்கு வந்துவிட்டது.

அதன்பின் நடந்ததை முன்னேற்றம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். பளு தூக்குவதை வாரம் ஒருநாள் ஆக்கினான். கடற்கரையில், நீர் தொட்டு இறுகிய மணலில், நண்பனோடு மெதுவாக ஓடினான். நண்பன் ஒரே ஒரு விதி வைத்திருந்தான்: "பேசிகினே ஓடணும் மச்சான். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." அதனால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே குரல் கேட்கும், போன மாதக் கபடிப் போட்டியில் நடுவர் கொடுத்த தீர்ப்பு சரியா தவறா என்று இருவரும் கத்திக்கொண்டே கரையோரம் வருவார்கள். விடுதியில் தங்கியிருக்கும் வயதான சுற்றுலாப் பயணிகள்கூட அவர்களை முந்திச் சென்றார்கள். ஊரிலேயே வேகமான காலுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

உடம்பு இறங்கியது. சட்டைகள் தொங்கின. தெருவில் நிறுத்தி, "இன்னா நைனா, சுகரா?" என்று கேட்டார்கள். ஒருத்தர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். கபடியில் அவன் பிடித்த ஒருவன் அவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். குழு அவனை மூலையிலிருந்து மாற்றியது. என் கைப்பேசியில் ஏழரைச் சுற்றின் நேரம் வாரவாரம் குறைந்துவந்தது. ஒருநாள் ஏழுக்குள் வந்தது. திரையை நண்பனிடம் காட்டினேன், அவன் என் விரலைப் பார்த்து, "நீ கோல்போஸ்ட்ல அமுக்கலியே?" என்றான்.

அதே வாரத்தில், விளையாட்டாக, இருவரும் நூறு மீட்டர் ஓடினார்கள். நண்பன் முதன்முறையாக அண்ணனோடு தோளுக்குத் தோள் வந்தான். கோட்டில் யார் முந்தியது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. "யாரு?" என்றான் அண்ணன். "ஒன்றாகத்தான் வந்தீர்கள்" என்றேன். அவன் தலையசைத்தான். நண்பன் மகிழ்ச்சியாகத் துள்ளியிருக்க வேண்டும்; துள்ளவில்லை. குனிந்து காலிலிருந்து முள் எடுப்பதுபோல் எதையோ செய்துகொண்டிருந்தான். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும் என்று பேருந்துத் தோழி எளிதாகச் சொல்லிவிடுவாள். கொடுக்கப்பட்டது தசை மட்டும்தானா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பள்ளியில் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த நூறு மீட்டர்.

தேர்வு நாளில் நானும் நண்பனும் உடன் சென்றோம். அம்மா வரவில்லை; கல்யாண ரவிக்கை ஒன்று முடிக்க வேண்டும் என்றாள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. வாயிற்கதவின் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியே ஓடுபாதையின் ஒரு துண்டு தெரிந்தது. அது பெரிய மைதானம். அங்கே ஏழரை இல்லை, மூன்றே முக்கால் சுற்று. ஓடுபவர்கள் அந்த இடைவெளியில் தோன்றி மறைவார்கள். தொடக்கமும் முடிவும் எங்களுக்குத் தெரியாத பக்கத்தில்.

நண்பன் கைப்பேசியை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தான். "என் கைய நம்பாத தங்கச்சி. நீ பாரு" என்றான்.

மார்பளவைக் கடந்தவர்களின் வரிசையில் அண்ணன் அந்த இடைவெளியைத் தாண்டித் தொடக்கக் கோட்டுக்குப் போனான். விசில் கேட்டதும் அமுக்கினேன். முதல் சுற்றில் அண்ணன் கூட்டத்தின் நடுவில் போனான். அடுத்த முறை கூட்டம் நீண்டிருந்தது. அவன் இன்னும் நடுவில்தான். எப்போதும் வெளுக்கும் கட்டம் வந்தது. கண்ணை இடைவெளியில் ஒட்டிவைத்துக்கொண்டேன். அவன் வந்தான். உதடு வெளுத்திருக்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எவரும் இல்லை. அவன் பேசிக்கொண்டே ஓடினான்.

"யாராண்ட பேசறான் இவன்?" என்றான் நண்பன்.

அதன்பின் இடைவெளியில் வெறும் பாதைதான். விசில் கேட்டது. என் திரையில் ஏழு நிமிடம் சரியாக அப்போதுதான் நிறைந்தது. அவன் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல என்னிடம் இருந்த துல்லியம் எதற்கும் உதவவில்லை. ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்களின் முகத்தைப் பார்த்தோம். அவன் அவர்களில் இல்லை. வெகுநேரமாகியும் வரவில்லை. இல்லாமலிருப்பதுதான் நல்ல செய்தி என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நேரம் பிடித்தது. நண்பன் அதற்குள் என் தோளுக்கு மேல் கதவைத் தட்டிக் காவலரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

மாலையில் வெளியே வந்தவனிடம், ஓடும்போது யாரிடம் பேசினாய் என்று கேட்டேன். "இவன்கிட்டதான். அந்த ரெஃப்ரீ குடுத்தது தப்புன்னு சொல்லிகினே ஓடனேன். இன்னிக்கு பதிலே பேசல இவன், அதான் ஜெயிச்சிட்டேன்" என்றான். நண்பன் அவனைத் தூக்கினான். முதன்முறையாகத் தூக்க முடிந்தது.

அடுத்த கட்டத்தில் கயிற்றை முன்னைவிட இலகுவாக ஏறினான். நூறு மீட்டரில் அவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கவில்லை. முன்பென்றால் உறக்கத்தில் ஓடியிருந்தால்கூடக் கிடைத்திருக்கும் மதிப்பெண். இறுதிப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. கீழே, நாங்கள் விரலால் தேடிக்கொண்டே போன இடத்தில். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா வண்டியைக் கழுவினார். நான் மட்டும், வென்றவன் எந்த அண்ணன் என்று யோசித்தபடி நின்றேன்.

பயிற்சிக்குப் புறப்படும் முன் அவனுடைய சட்டைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அம்மா என் அலமாரியிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு போய் அவனை நிற்கவைத்தாள். நாடா மார்பைச் சுற்றி வந்தது. இரண்டு விரல்கள் தாமாக உள்ளே போயின. நின்றாள். விரல்களை வெளியே இழுத்தாள். தோலோடு வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது சட்டைக்கு" என்றாள்.

"சட்டைக்குத்தான்" என்றேன்.

விரல்கள் மறுபடி உள்ளே போயின. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு, பழக்கத்தில், மார்பை முழுதாக விரித்து மூச்சைப் பிடித்தபடி நின்றான்.

"மூச்ச வுடு நைனா" என்றாள் அம்மா. "சட்ட தைக்கணும்."